மீதமுள்ள உறைகருக்கள்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

சிகிச்சை வெற்றி பெற்று, குழந்தை பிறந்து, வீடு முழுவதும் அந்தக் குழந்தையைச் சுற்றியே இயங்கத் தொடங்கிய பின்னர், கருத்தரிப்பு மையத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. உங்கள் கருக்கள் இன்னும் சேமிப்பில் உள்ளன. அடுத்த ஆண்டுக்கும் புதுப்பிக்க விரும்புகிறீர்களா என்று அது கேட்கிறது. பெரும்பாலான தம்பதியர் கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். இப்படிச் சில ஆண்டுகள் கழிந்த பிறகுதான், அந்தக் கருக்களை என்ன செய்வது என்ற கேள்வி உண்மையாகவே எதிரே வந்து நிற்கிறது. அந்தக் கட்டத்தில் சிக்கி நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் சிகிச்சையில், ஹார்மோன் ஊசிகளின் துணையால் ஒரே சுழற்சியில் பல கருமுட்டைகள் முதிரச் செய்யப்படுகின்றன. அவற்றுள் எத்தனை கருவுறும், எத்தனை ஐந்தாம் நாள் வரை வளரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால், கிடைத்தவற்றையெல்லாம் கருவுறச் செய்து, ஒன்றையோ இரண்டையோ கருப்பையில் பதித்துவிட்டு, எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கிறார்கள். இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு முறைக்கு ஒரு கருவை மட்டும் பதிக்கும் நடைமுறை பரவியதால் எஞ்சுபவை கூடின. மெதுவாக உறையவைக்கும் பழைய முறைக்கு மாற்றாக, மிகக் குறைந்த நேரத்தில் உறையவைக்கும் விட்ரிஃபிகேஷன் வந்ததால், உறைநீக்கத்தின்போது அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சேதமின்றித் தப்புகின்றன. ஆகவே கருக்கள் மீந்திருப்பது சிகிச்சையில் நேர்ந்த பிழையன்று. சிகிச்சை நன்றாக நடந்ததன் பக்கவிளைவு அது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களை முடிவுசெய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் கடைசியாகக் கேட்ட கருத்தே சரியென்று தோன்றும்.

எல்லாவற்றினும் முதன்மையானவையாக நான் கருதுவன இரண்டு. எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள முடியுமா, எதுவரை முடியும் என்பது ஒன்று. அந்த முடிவின் விளைவு யாரிடம் போய்ச் சேருகிறது என்பது மற்றொன்று: உங்கள் இருவரோடு முடிந்துவிடுகிறதா, வீட்டில் இருக்கும் குழந்தையையும் தொடுகிறதா, இன்னும் பிறவாத ஒருவருடைய வாழ்க்கை வரை நீள்கிறதா? இவற்றுக்கு அடுத்த நிலையில் பணச்செலவும் உடற்சுமையும், நாட்டின் சட்டமும் மையத்தின் விதிகளும் வருகின்றன.

இவற்றோடு, வெளியிலிருந்து எவரும் அளந்து சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அந்தக் கருவை நீங்கள் என்னவாகக் காண்கிறீர்கள்? சிலருக்கு அது உயிரணுக்களின் தொகுதி. சிலருக்கு அது தம் குழந்தையின் உடன்பிறப்பு. பலருக்கு இரண்டுக்கும் நடுவே, பெயரிட முடியாத ஏதோ ஒன்று. சமயங்களும் இதில் ஒத்துப்போவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2008-இல் வெளியிட்ட ஆவணம், உறைநிலையில் கைவிடப்பட்ட கருக்களின் நிலையைத் தீர்வு காண முடியாத அநீதி என்றே கூறியது. இஸ்லாமிய அறிஞர்களுள் பெரும்பான்மையோர் மூன்றாம் தரப்புக்குக் கருவைக் கொடுப்பதை ஏற்பதில்லை. உங்கள் விடை எதுவாயினும், அதை மறைத்துக்கொண்டு செலவுக் கணக்கை மட்டும் முன்வைத்து முடிவெடுத்தால், அந்த முடிவு நெடுநாள் தாங்காது.

| வழி | மாற்றிக்கொள்ள முடியுமா | விளைவு யாரைச் சேரும் | எளிதில் கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| தொடர்ந்து சேமித்தல் | முடியும் | தம்பதியரை | கூடிக்கொண்டே போகும் கட்டணம், முடியாத ஊசலாட்டம் |
| மீண்டும் பதித்தல் | முடியாது | முழுக் குடும்பத்தை | வயது கூடிய கர்ப்பத்தின் ஆபத்து |
| வேறு தம்பதிக்குக் கொடை | பதிக்கும் வரை மட்டும் | பிறக்கும் குழந்தை உட்பட இரு குடும்பங்களை | வாழ்நாள் முழுதும் தொடரும் உறவுக் கேள்வி |
| ஆராய்ச்சி, பயிற்சி | பயன்படுத்தும் வரை மட்டும் | பெரும்பாலும் தம்பதியரோடு முடியும் | பெறுவதற்கு ஆள் இல்லாமல் போகும் வாய்ப்பு |
| அழிய விடுதல் | முடியாது | தம்பதியரோடு முடியும் | எதிர்பாராத துயரம் |

## தொடர்ந்து சேமித்தல்

இவ்வழியின் வலிமை வெளிப்படையானது: எந்தக் கதவும் மூடப்படுவதில்லை. உறைநிலையில் கருவுக்கு வயது ஏறுவதில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உறைந்திருந்த கருக்களிலிருந்தும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. முப்பத்திரண்டு வயதில் உருவாக்கிய கரு, நாற்பது வயதில் பதிக்கப்பட்டாலும், குரோமோசோம் கோளாறுகளைப் பொறுத்தவரை முப்பத்திரண்டு வயதுக் கருவாகவே இருக்கும்.

ஆனால் கருவுக்கு வயது ஏறாவிட்டாலும், அதைச் சுமக்க வேண்டிய உடலுக்கு ஏறுகிறது. தம்பதியர் கணக்கிடத் தவறுவது பெரும்பாலும் இதையே. சேமிப்புக் கட்டணம் ஓர் ஆண்டுக்குச் சிறிதாகத் தோன்றினாலும், பத்து ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால், மற்றொரு முறை கருவைப் பதிக்கும் செலவை நெருங்கவோ தாண்டவோ கூடும். மையங்கள் கைமாறுகின்றன, மூடப்படுகின்றன, சேமிப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகின்றன. கொள்கலன்களும் பழுதாகலாம். 2018 மார்ச்சில், ஒரே வார இறுதியில், அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்த இரு மையங்களின் கொள்கலன்கள் பழுதடைந்தன. கிளீவ்லாந்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. இது அரிதான நிகழ்வே. ஆயினும் சேமிப்பு என்பது என்றென்றைக்குமான உத்தரவாதம் என்ற எண்ணத்தை அது திருத்தியாக வேண்டும்.

சட்டத்தின் வரம்பும் உண்டு. பிரிட்டனில் 2022 ஜூலை முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பித்து, 55 ஆண்டுகள் வரை சேமிக்கலாம். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டமோ பத்தாண்டோடு நிறுத்திவிடுகிறது. அதன் பின்னர் கருவை அழிய விட வேண்டும், அல்லது தம்பதியரின் சம்மதத்தோடு, பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும்.

இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் உண்மையாகவே திறந்திருப்பவர்களுக்கும், குழந்தை மிகச் சிறியதாக இருக்கையில் இறுதி முடிவு எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கும் இதுவே சரியான வழி. ஆனால் ஒரு நிபந்தனையோடு: சேமிப்பைத் தேர்ந்தால், அதற்கு ஒரு முடிவுத் தேதியையும் இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத சேமிப்பு முடிவாகாது. முடிவைத் தள்ளிப்போடுவதற்குக் கட்டும் பணமாகவே அது இருக்கும்.

## மீண்டும் கருப்பையில் பதித்தல்

"வீணாக்குவதைவிடப் பயன்படுத்திவிடலாமே" என்ற நினைப்பில் சிலர் இவ்வழியை நாடுகிறார்கள். கருக்களைத் தீர்ப்பதற்காக ஒரு குழந்தையைப் பெறுவதும், குழந்தை வேண்டுமென்பதால் கருவைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. கருக்களே இல்லாதிருந்தால் இன்னொரு குழந்தைக்கு இப்போது முயல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்ற விடை தயக்கமின்றி வந்தால், இந்தப் பகுதி உங்களுக்குரியதன்று.

"ஆம்" என்பவர்களுக்கு இது ஐந்தினுள்ளும் மிகத் தெளிவான வழி. கருமுட்டை எடுக்கும் சுமை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீண்டும் ஊசிகளின் அத்தனை தொல்லையும் இல்லை. ஆயினும் நல்ல தரமுள்ள ஐந்தாம் நாள் கருவும் ஒவ்வொரு முறையும் குழந்தையாவதில்லை. மூன்று கருக்கள் இருக்கின்றன என்பதை மூன்று குழந்தைகள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. வயது கூடும்போது கர்ப்பகால இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு உயர்கிறது. ஹார்மோன் மாத்திரைகளால் மட்டும் கருப்பையைத் தயார்செய்து உறைகருவைப் பதிக்கும் முறையில், முன்சூல்வலிப்பு எனப்படும் இரத்த அழுத்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள், இயற்கையான சுழற்சியிலேயே பதிக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேட்பது பயன் தரும். முந்தைய பேற்றில் சிக்கல் இருந்திருந்தால், கருத்தரிப்பு மையத்தின் கருத்தோடு நிறுத்தாமல், மகப்பேறு மருத்துவர் ஒருவரின் கருத்தையும் தனியே பெறுங்கள்.

## வேறொரு தம்பதிக்குக் கொடையளித்தல்

சிகிச்சையின் தொடக்கத்தில் தரப்படும் ஒப்புதல் படிவத்தில், பலர் தயங்காமல் குறியிடும் கட்டம் இது. தாம் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள், அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உதவ விரும்புவது மிக இயல்பு. ஆனால் குழந்தை பிறந்த பிறகு, அதே தம்பதியருள் கணிசமானோர் அந்த முடிவை மாற்றிக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. காரணம் எளிது. கண் முன்னே ஓடியாடும் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு, சேமிப்பில் இருக்கும் கரு வெறும் வாய்ப்பாகத் தோன்றுவதில்லை. அது அந்தக் குழந்தையின் முழுமையான உடன்பிறப்பாகவே தோன்றத் தொடங்குகிறது. மரபணு அளவில் அது உண்மையும்கூட. தொடக்கத்தில் இட்ட குறிக்குக் கட்டுப்பட்டவர்கள் நாம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. பதிக்கப்படும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை பொதுவாக உண்டு. எதுவரை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வழியின் மறைசெலவுகள் மற்றவற்றைவிட மிகுதி. முதலில் நடைமுறை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும், இரு குடும்பங்களின் நோய் வரலாறும், மரபணுச் சோதனையும் கேட்கப்படலாம். கரு உருவான காலத்தில் தாயின் வயது அதிகமாக இருந்திருந்தால், மையம் ஏற்க மறுக்கவும் கூடும். அந்தக் கரு கொடையாகப் பெற்ற கருமுட்டையாலோ விந்தணுவாலோ உருவானதாக இருந்தால், அந்தக் கொடையாளி இத்தகைய மறுகொடைக்குச் சம்மதித்திருக்கிறாரா என்பதைப் பார்த்தாக வேண்டும். இங்கேதான் பல கொடைகள் தடைபட்டு நிற்கின்றன. தம்பதியர் இருவரும் முழு மனத்தோடு வந்த பிறகு இது தெரியவருவது மிக வேதனையானது. ஆகவே முதல் கேள்வியாகவே இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து சட்டம். சில நாடுகளில் கருவைப் பெற்றெடுக்கும் தாயே எல்லா வகையிலும் சட்டபூர்வத் தாய்; கொடையாளிக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. சில இடங்களில் இது தெளிவாக வரையறுக்கப்படாமல், தனி ஒப்பந்தத்தின் வழியே நடக்கிறது. இந்தியச் சட்டம் கருவை வேறு தரப்புக்கு மாற்றுவதைக் கடுமையாகவே கட்டுப்படுத்துகிறது. எந்த நாட்டில் கரு சேமிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த நாட்டின் சட்டமே முதலில் பார்க்க வேண்டியது. நீங்கள் இப்போது வாழும் நாட்டின் சட்டமன்று. புலம்பெயர்ந்து சென்றவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

கடைசியாக, காலம். பெயர் வெளிவராது என்ற உறுதியை இனி எந்த மையமும் நேர்மையாகத் தர முடியாது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடையளித்தவர்களின் அடையாளத்தை, பிறந்த குழந்தை 18 வயதில் கேட்டுப் பெறலாம். அவ்விதிக்கு உட்பட்ட முதல் தலைமுறையினர் 2023-இல் அந்த வயதை எட்டத் தொடங்கினார்கள். சட்டம் மறைத்து வைத்தாலும், வீட்டிலிருந்தே உமிழ்நீரை அனுப்பிச் செய்துகொள்ளும் டிஎன்ஏ சோதனை மறைத்து வைக்காது. உறவினர் ஒருவர் அதில் பதிவுசெய்திருந்தாலே போதும். எனவே கொடையளிப்பவர், இருபது ஆண்டுகள் கழித்து ஓர் இளைஞரிடமிருந்து கடிதம் வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் வரப்போவதில்லை. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ தன்னைப் போன்ற முகத்தோடு ஒருவர் வேறொரு வீட்டில் வளர்வதை என்றாவது சொல்லத்தான் வேண்டியிருக்கும்; எப்போது, எப்படிச் சொல்வது என்பதைக் கொடுக்கும் முன்பே யோசித்து வைப்பவர்கள் மிகக் குறைவு.

இத்தனையும் அறிந்த பிறகும் மனம் உறுதியாக இருந்தால், இதைவிடப் பெரிய கொடை வேறில்லை. தாங்கள் வளர்க்காத குழந்தை வேறொரு வீட்டில் நலமாக வளர்வதை எண்ணி இழப்பை உணராமல் நிம்மதியடையக்கூடியவர்களுக்கும், கருவை அழிய விடுவதை மனச்சாட்சி ஏற்காதவர்களுக்கும் இது பொருந்தும். பெறுபவரோடு ஓரளவு தொடர்பு வைத்துக்கொள்ளும் திறந்த முறை கிடைக்குமானால், பெயரறியாக் கொடையைவிட அதையே நான் விரும்பிச் சொல்வேன். எப்படியும் வெளிவரப்போகும் உண்மை, தயாராக இருப்பவர்களிடம் வந்து சேர்வது நல்லது. மாறாக, அழிய விடக் குற்றவுணர்வு தடுக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுப்பவர்கள், ஒரு குற்றவுணர்வைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளக்கூடும்.

## ஆராய்ச்சிக்கோ பயிற்சிக்கோ அளித்தல்

1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் முதன்முதலில் மனிதக் கருமூல உயிரணுக்களை (உடலின் வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை) பிரித்தெடுத்து வளர்த்தது, ஐவிஎஃப் சிகிச்சைக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் தம்பதியர் கொடுத்த கருக்களிலிருந்துதான். பார்க்கின்சன் நோய், முதல் வகைச் சர்க்கரை நோய், விழித்திரைச் சிதைவு ஆகியவற்றுக்கான உயிரணு சிகிச்சைச் சோதனைகள் அந்த வழியில் வந்தவை. யாருக்கும் பிறக்காமல், எதற்கும் உதவாமல் போவதைவிட, இது பொருளுள்ள முடிவாகப் பலருக்குத் தோன்றுகிறது. குழந்தை பிறப்பதில்லை என்பதால், கொடையில் உள்ள உறவுச் சிக்கலும் இதில் இல்லை. பல நாடுகளில் ஆய்வகத்தில் கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற வரம்பு உண்டு; 1984-இல், கரு ஆராய்ச்சியின் நெறிகளை ஆராயப் பிரிட்டன் அரசு அமைத்த வார்னாக் குழு பரிந்துரைத்தது அது.

இதன் குறை வேறு வகையானது. படிவத்தில் இந்தக் கட்டம் இருப்பதால், வாய்ப்பும் இருக்கிறது என்று பொருளாகாது. ஜெர்மனியில் 1990-ஆம் ஆண்டின் கருப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய ஆராய்ச்சியைத் தடுக்கிறது. அனுமதிக்கும் நாடுகளிலும், உங்கள் மையத்தோடு இணைந்த, ஒப்புதல் பெற்ற ஆய்வுத்திட்டம் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தால்தான் கரு அங்கே போய்ச் சேரும். இல்லையெனில், புதிய கருவியல் வல்லுநர்கள் உறைநீக்கம் பழகுவதற்கான பயிற்சிக்கே அது பயன்படலாம். அதுவும் பயனுள்ளதே, ஆனால் நோய்க்கு மருந்து காண உதவுகிறோம் என்று எண்ணிக் கையெழுத்திட்டவருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். கேட்க வேண்டியவை: ஆய்வின் நோக்கம் என்ன, உயிரணு வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கப்படும் உயிரணுக்கள்) உருவாக்கப்பட்டால் அது எத்தனை காலம், யாரிடம் இருக்கும், உங்கள் மரபணுத் தகவல் அடையாளம் நீக்கப்பட்டே பகிரப்படுமா? மரபணுச் சோதனையில் நோய்க்கூறு உள்ளதாகக் கண்டறியப்பட்டு, பதிக்கத் தகாதவை என ஒதுக்கப்பட்ட கருக்கள் உள்ளவர்களுக்கு இவ்வழி குறிப்பாகப் பொருந்தும். அந்நோயை ஆராய்பவர்களுக்கு அத்தகைய கருக்கள் அரிய மதிப்புடையவை.

## உறைநீக்கி அழிய விடுதல்

கருவைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து, வளர்ப்பு ஊடகம் எதுவுமின்றி அறை வெப்பநிலையில் விட்டுவிடுகிறார்கள். அது தானாகவே வளர்ச்சியற்று அழிகிறது. செலவு மிகக் குறைவு. விளைவு வேறு எவரையும் சென்று சேர்வதில்லை. முடிவு முழுமையானது. இந்த மூன்று காரணங்களாலும், குடும்பம் முழுமையடைந்துவிட்டது என்ற உறுதி இருவருக்கும் இருந்தால், எளிமையான இந்த வழியைத் தாழ்வானதாகக் கருத எந்தக் காரணமும் இல்லை. கொடை உயர்ந்தது, இது தன்னலம் என்று வரிசைப்படுத்துபவர்களின் குரல் வெளியே உரக்கக் கேட்கிறது. அவர்கள் யாரும் அந்தக் கருவுக்கு உரியவர்கள் அல்லர்.

மறைசெலவு துயரம்தான். அறிவால் முழுமையாக ஏற்றுக்கொண்டவர்களும், கையெழுத்திட்ட பின்னர் எதிர்பாராத அளவு அழுததாகச் சொல்வதுண்டு. பல ஆண்டுகள் காத்திருந்து, ஊசி போட்டு, ஒவ்வொரு நாளும் தொலைபேசி அழைப்புக்காக ஏங்கி உருவாக்கியவை அவை. அந்தத் துயரம் முடிவு தவறு என்பதற்குச் சான்றாகாது. சில மையங்கள் அந்த நேரத்தில் உடனிருக்க அனுமதிக்கின்றன. சில, கருவைத் தம்பதியரிடமே ஒப்படைத்து, அவர்கள் விரும்பியவாறு மண்ணில் இட வழிசெய்கின்றன.

இதிலேயே ஒரு கிளைவழியும் உண்டு. கர்ப்பம் தரிக்க வாய்ப்பில்லாத நாளில் கருவை அந்தப் பெண்ணின் உடலிலேயே சேர்ப்பித்து, அது இயல்பாகக் கரைந்துபோக விடுவதைச் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவக் கழகத்தின் நெறிமுறைக் குழு 2020-இல் இதைப் பற்றிக் கருத்து வெளியிட்டு, மையங்கள் இந்த வேண்டுகோளை ஏற்பதில் தவறில்லை என்றது. மருத்துவப் பயன் ஏதும் இதில் இல்லை, கட்டணமும் உண்டு. ஆனால் ஆய்வகக் குப்பையில் சேர்வதை மனம் தாங்காதவர்களுக்கு அந்தக் கட்டணம் வீண் அன்று.

## பதில் சொல்லாமலே இருந்துவிடுதல்

படிவத்தில் இல்லாத ஆறாவது வழி இது. நடைமுறையில் பலர் தேர்வது இதுவே. கட்டணம் நிற்கிறது, முகவரி மாறுகிறது, கடிதங்கள் திரும்பிப் போகின்றன. பிரிட்டனில் அப்போதிருந்த ஐந்தாண்டு வரம்பு முடிந்ததும், 1996 ஆகஸ்டில், உரியவர்களிடமிருந்து பதில் வராத ஏறத்தாழ 3,300 கருக்கள் அழிக்கப்பட்டன. அவர்களுள் சிலருக்கேனும் வேறு விருப்பம் இருந்திருக்கும். இவ்வழி எந்த அளவுகோலிலும் தேறுவதில்லை: முடிவு வேறொருவர் கைக்குப் போகிறது, கட்டண நிலுவை உங்கள் பெயரில் நிற்கிறது.

## இருவரும் ஒத்துப்போகாதபோது

ஒருவர் கொடுக்க விரும்ப, மற்றவர் அழிய விட விரும்பினால் என்ன செய்வது? ஏறத்தாழ எல்லா இடங்களிலும் இருவரின் சம்மதமும் தேவை. நீதிமன்றங்கள் பெரும்பாலும் பெற்றோராக விரும்பாதவரின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. 1992-இல் அமெரிக்காவின் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம், மணமுறிவு பெற்ற தம்பதியரின் கருக்கள் குறித்த வழக்கில் அவ்வாறே தீர்ப்பளித்தது. 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், புற்றுநோய் அபாயத்தால் சினைப்பைகள் அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலும், முன்னாள் துணைவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்ற பிறகு கருக்களைப் பயன்படுத்த முடியாது என்றது. சட்டம் எப்போதும் ஒரே திசையில் நிற்பதும் இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் உறைகருக்களையும் குழந்தைகள் என்ற வரையறைக்குள் கொண்டுவந்ததும், அங்கே பல மையங்கள் சிகிச்சையையே நிறுத்திவைத்தன. அடுத்த மாதம் புதிய சட்டம் இயற்றி மையங்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே கருத்து வேறுபாடு இருக்கும்போது, திரும்பப் பெற முடியாத வழிகள் எதையும் ஒருவர் மற்றவரை வற்புறுத்திச் செய்யக் கூடாது. குறித்த காலத்துக்குச் சேமிப்பை நீட்டித்து, மையத்தைச் சாராத ஆலோசகர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து செல்வதே பொருந்தும். முன்னர் நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். பிரிவோ மரணமோ நேர்ந்தால் கருக்கள் யாருக்கு, எதற்கு என்று அதில் நீங்களே எழுதியது இப்போதும் உங்கள் விருப்பம்தானா என்று சரிபாருங்கள். 1983-இல் மெல்போர்னில் இரண்டு கருக்களை விட்டுவிட்டு ஒரு தம்பதியர் விமான விபத்தில் இறந்தபோது, அதைத் தீர்மானிக்க எந்த ஆவணமும் இல்லாமல் ஓர் அரசாங்கமே திணறியது.

முடிவு எடுத்த பிறகு மையத்திடமிருந்து எழுத்தில் பெற வேண்டியவை இரண்டு: சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாள், செயல் முடிந்ததற்கான உறுதிக் கடிதம். அதே கணக்கில் தனியே உறையவைத்த கருமுட்டைகளோ விந்தணுவோ இருந்தால், அவற்றுக்கான படிவம் பெரும்பாலும் வேறு. கருக்களுக்கான கையெழுத்து அவற்றைக் கட்டுப்படுத்தாது, கட்டணமும் நிற்காது.